நகை மதிப்பீட்டு அறிக்கை: வரிக்கும் வழக்குக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரே அட்டிகைக்கு ஒரே நாளில் நான்கு விலை சொல்வார்கள். நான்கும் சரியாகவே இருக்கும். அதே மாதிரி ஒன்றைப் புதிதாகச் செய்து வாங்கப் போனால் தங்க விலையோடு செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து ஒரு தொகை வரும். அதையே பழைய நகையாகக் கடையில் போட்டால் கல், அரக்கு, அழுக்கு, உருக்குச் சேதம் எல்லாம் கழிந்து இன்னொரு தொகை வரும். அடகு வைத்தால் கல்லுக்கு ஒரு பைசாவும் சேராது, தங்கத்துக்கு மட்டும் மதிப்புப் போட்டு அதில் ஒரு பங்கைத்தான் கடனாகத் தருவார்கள். வருமான வரித் துறையும் நீதிமன்றமும் கேட்பது நான்காவது விலையை. குறிப்பிட்ட ஒரு நாளில் வெளிச்சந்தையில் விற்றிருந்தால் அந்த நகைக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதுதான் அது. நியாயச் சந்தை மதிப்பு என்று அதைச் சொல்கிறார்கள்.

ஒன்றுக்கு வாங்கிய விலையை இன்னொன்றுக்குக் காட்டுவதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன. காப்பீட்டுக்காக எடுத்த மதிப்பில் செய்கூலியும் வரியும் கலந்திருக்கும். அதைப் பாகப்பிரிவினையில் நீட்டினால், நகையை எடுத்துக்கொள்ளும் அக்காவின் கணக்கில் இல்லாத பணம் ஏறும். அடகுச் சீட்டை ஆதாரமாகக் காட்டினால் வைரத்தோட்டின் மதிப்பு அதிலிருக்கும் தங்கத்தின் மதிப்பாகச் சுருங்கிவிடும். ஆகவே மதிப்பீட்டாளரிடம் போகும்போது முதலில் சொல்ல வேண்டியது இரண்டு: எதற்காக இந்த மதிப்பு, எந்தத் தேதிக்கான மதிப்பு. இந்த இரண்டும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எப்போது தேவைப்படும்?

வீட்டுப் பாத்திரம், துணிமணி, மேசை நாற்காலியை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது, அவை சொந்த உபயோகப் பொருள்கள். நகைக்கு அந்தச் சலுகை இல்லை. தினமும் கழுத்தில் கிடக்கும் சங்கிலியும் சட்டத்தின் கண்ணில் மூலதனச் சொத்துதான். பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகை எடுப்பதும் விற்பனைக்குச் சமம். கையில் பணம் வரவில்லையே என்று இதைக் கணக்கில் காட்டாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர்.

2024 ஜூலை 23 முதல் நகைக்கான விதி இது: 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்ட கால ஆதாயம், 12.5 சதவீத வரி, பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை ஏற்றிக் காட்டும் வசதி கிடையாது. 24 மாதம் அல்லது அதற்குக் குறைவு என்றால் அவரவர் வருமான வரம்புக்குரிய விகிதம். பரம்பரையாகவோ உயில் வழியாகவோ உறவினர் பரிசாகவோ வந்த நகைக்கு, முன்பு வைத்திருந்தவர் வாங்கிய விலையே உங்கள் விலை. அவர் வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும். நகை 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்தில் இருந்திருந்தால், வாங்கிய விலைக்குப் பதிலாக அந்தத் தேதியின் நியாயச் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். பாட்டி 1962இல் வாங்கிய காசுமாலைக்குப் பில் எங்கே கிடைக்கும்? அதற்காகத்தான் பெரும்பாலோர் மதிப்பீட்டாளரைத் தேடுகிறார்கள்.

பரிசாக வந்த நகை தனிக் கதை. சட்டம் 'உறவினர்' என்று சொல்லும் பட்டியலில் இல்லாதவரிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நகை வந்தால் முழு மதிப்பும் உங்கள் வருமானமாகும்; 50,000-ஐத் தாண்டிய பகுதி மட்டும் அல்ல. சித்தப்பா அந்தப் பட்டியலில் இருக்கிறார், சித்தப்பாவின் மகன் இல்லை. திருமணத்தின்போது மணமக்களுக்கு வரும் பரிசுக்கு யார் கொடுத்தாலும் விலக்கு உண்டு. வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் அந்த விலக்கு இல்லை. இன்றைய தங்க விலையில் 50,000 ரூபாய் என்பது ஒரு சின்ன மோதிரம்தான். பதிவு பெற்ற கடையில் வாங்கிய நகை என்றால் பில் தொகையே போதும். பில் இல்லாமல் 50,000-ஐத் தாண்டும் நகைக்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வாங்கலாம்.

இவை தவிர, பாகப்பிரிவினை, உயில் நடைமுறை, மணவிலக்கில் சீதன நகையைத் திரும்பக் கேட்பது, திருட்டு வழக்கு, தேர்தல் வேட்பாளரின் சொத்துப் பிரமாணம் போன்றவற்றுக்கும் மதிப்பு கேட்பார்கள்.

எச்யூஐடி எண்ணும் (ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் பொறிக்கும் தனி அடையாள எண்) பில்லும் உள்ள புதிய நகைக்கும் தங்கக் காசுக்கும் அறிக்கை வாங்கிச் செலவழிக்க வேண்டாம். எடையும் மாற்றும், அதாவது தங்கத்தின் தூய்மையும், பில்லிலேயே இருக்கின்றன, அன்றைய விலையும் பொதுவில் கிடைக்கிறது.

யாருடைய கையெழுத்து செல்லும்?

வரி விஷயத்துக்கு வேண்டியவர் வருமான வரித் துறையிடம் நகை வகைக்கெனப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர். இந்தப் பதிவு முறை 1957ஆம் ஆண்டுச் செல்வ வரிச் சட்டத்தின் கீழ் பிறந்தது. 2016-17 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து செல்வ வரியே எடுக்கப்பட்ட பிறகும் பதிவு முறை வருமான வரிக்காகத் தொடர்ந்தது. நகைக்கான அறிக்கையை ஓ-8 என்ற படிவத்தில் தருவது நெடுநாள் வழக்கம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. இந்தக் கட்டுரையில் பிரிவு எண்களைச் சொல்லாமல் விட்டதற்கு அதுவே காரணம்.

'பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்' என்ற பெயர்ப்பலகை மட்டும் பார்த்து உள்ளே போக வேண்டாம். கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வேறொரு பதிவு இருக்கிறது. அதில் உள்ள சொத்து வகைகள் மூன்றுதான்: நிலமும் கட்டடமும், இயந்திரங்கள், பங்குகள் போன்ற நிதிச் சொத்துகள். நகை அதில் இல்லை. நிலம் மதிப்பிடுகிறவர் நல்லவராக இருக்கலாம், உங்கள் ஒட்டியாணத்துக்கு அவர் கையெழுத்து உதவாது. வங்கியில் அடகு நகை பார்க்கும் மதிப்பீட்டாளர் மாற்றுப் பார்ப்பதில் கெட்டிக்காரராக இருந்தாலும், துறையின் பதிவு இல்லாவிட்டால் அவர் சீட்டு வரிக்குப் பயன்படாது. வைரத்துக்கு ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகங்கள் தரும் தரச்சான்றும் அப்படியே. அதில் எடை, நிறம், தெளிவு, வெட்டு எல்லாம் இருக்கும். ஜிஐஏ சான்றில் விலை இருக்காது. அதை மதிப்பீட்டாளரிடம் துணை ஆவணமாகக் கொடுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்: பதிவு எண் என்ன, எந்த வகைக்கான பதிவு, வைரமும் நிறக் கல்லும் பார்க்கக் கருவிகள் இருக்கின்றனவா, நீதிமன்றம் அழைத்தால் வந்து சாட்சி சொல்வீர்களா. கட்டணத்துக்குச் செல்வ வரி விதிகள் உச்சவரம்பு வகுத்திருக்கின்றன. மொத்த மதிப்பில் முதல் 5 லட்சத்துக்கு அரை சதவீதம், அடுத்த 10 லட்சத்துக்கு 0.2 சதவீதம், அடுத்த 40 லட்சத்துக்கு 0.1 சதவீதம், மீதிக்கு 0.05 சதவீதம். 20 லட்ச ரூபாய் நகைக்கு 2,500 + 2,000 + 500 ஆக 5,000 ரூபாய் ஆகிறது. இதைவிடப் பல மடங்கு கேட்டால் காரணம் கேளுங்கள். மதிப்பிடுகிறவரே "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொன்னால் அந்த அறிக்கையை வாங்காதீர்கள். வாங்கப் போகிறவர் போட்ட விலையை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்.

மேசையில் என்ன நடக்கிறது?

நகையைக் கொண்டுபோகும் முன் ஆசிட்டில் போட்டுப் பாலீஷ் செய்ய வேண்டாம். பழைய நகையில் தேய்மானமும் பத்தரின் முத்திரையும் அதன் வயதைச் சொல்லும் தடயங்கள். சோப்பு நீரில் மெல்லக் கழுவித் துடைத்தால் போதும். அரக்கு வைத்த நகையையும், பின்னால் தாள் வைத்துக் கல் பதித்த நகையையும் தண்ணீரில் நனைக்கவே கூடாது. தாள் கறுத்தால் கல்லின் நிறமே மாறித் தெரியும். பழைய பில், அடகுச் சீட்டு, திருமணப் படம், முந்தைய மதிப்பீடு எது இருந்தாலும் நகல் எடுத்துச் செல்லுங்கள்.

எடை உங்கள் கண் முன்னால் போடப்பட வேண்டும். ஒவ்வொரு உருப்படிக்கும் தனி எண், தனி எடை, தனிப் படம். 'வளையல் 6, மொத்தம் 72 கிராம்' என்று மொத்தமாக எழுதினால், பின்னால் இரண்டு வளையல் மட்டும் விற்கும்போது எந்த இரண்டு என்று காட்ட முடியாது. நகையை அங்கே விட்டு வர நேர்ந்தால் உருப்படி வாரியாக எடை எழுதிய ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். லாக்கரில் இருக்கும் நகை என்றால், வங்கி மேலாளரிடம் முன்கூட்டிப் பேசித் தனியறை கேட்டு, மதிப்பீட்டாளரை அங்கே வரவழைப்பதும் உண்டு.

பிறகு மொத்த எடையிலிருந்து நிகர எடைக்கு வர வேண்டும். நம் ஊர்ப் பழைய நகைகளில் பிசகு அதிகம் நடப்பது இங்கேதான். அட்டிகையிலும் கெம்பு நகையிலும் உள்ளே அரக்கு நிரம்பியிருக்கும். முத்து, பவளம், கருகமணி, கோத்த நூல், கொக்கிக்குள் இருக்கும் வேற்று உலோக வில் எல்லாம் எடையில் சேர்ந்து நிற்கும். கல்லைக் கழற்றாமல் அரக்கின் எடையைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அனுபவத்தில் மதிப்பிட்டுக் கழிப்பார்கள். அப்படிக் கழித்ததை 'மதிப்பிட்டுக் கழித்தது' என்று அறிக்கையில் எழுத வேண்டும். அளந்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லும் அறிக்கைதான் குறுக்கு விசாரணையில் நிற்கும்.

அடுத்தது மாற்று. 22 காரட் என்றால் 91.6 சதவீதம் தங்கம், 18 காரட் என்றால் 75 சதவீதம். பழைய நகை 22 காரட் என்று வீட்டில் சொல்லிவந்திருப்பார்கள், சோதித்தால் 88, 85 என்று வரும். அதில் எப்போதும் ஏமாற்று இருப்பதாக நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் ஒட்டுப் பொடியில் செம்பும் வெள்ளியும் கூடுதலாக இருந்தன. ஒட்டு அதிகம் உள்ள சங்கிலி, பூ வேலை நகையில் மொத்த மாற்று இறங்கித்தான் இருக்கும்.

மாற்றுப் பார்க்க மூன்று வழி இருக்கிறது. உரைகல்லில் உரசி அமிலம் விட்டுப் பார்ப்பது பழைய வழி. தேர்ந்த கைக்கு ஓரளவு சரியாகச் சொல்லும். எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் நகையைச் சேதப்படுத்தாமல் ஓரிரு நிமிடத்தில் எண்ணாகக் காட்டும், ஆனால் அது மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்தைத்தான் பார்க்கிறது. கெட்டி முலாம் பூசிய நகையில் முலாமின் மாற்றையே சொல்லிவிடும். ஒட்டின்மேல் வைத்தால் குறைத்துச் சொல்லும். அதனால் ஒரே நகையில் மூன்று நான்கு இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எண்கள் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். நெருப்புச் சோதனைதான் ஐயத்துக்கு இடமில்லாதது. அதற்கு நகையிலிருந்து சிறு துண்டு வெட்ட வேண்டும் என்பதால் பெரிய தகராறு இருந்தாலொழிய யாரும் கேட்பதில்லை.

மதிப்பீட்டாளரிடம் போகும் முன்பே மாற்றைத் தெரிந்துகொள்ள விரும்பினால் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் பொதுமக்களே நகையைக் கொடுத்துச் சோதிக்கலாம். 2023இல் அறிவித்தபடி 4 நகை வரை மொத்தம் 200 ரூபாய், 5 அல்லது அதற்கு மேல் என்றால் நகைக்கு 45 ரூபாய். 2021 ஜூலைக்குப் பிறகு வாங்கிய நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட எச்யூஐடி எண் இருந்தால் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பார்க்கலாம். அதில் வரும் நகை வகையும் கையிலிருக்கும் நகையும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். கம்மலின் எண்ணுக்குச் செயலி மோதிரம் என்று காட்டினால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

கல்லில்தான் பெரும் பிழை

தங்கத்தில் யார் மதிப்பிட்டாலும் சில சதவீதம்தான் முன்பின் இருக்கும். கல்லில் மடங்குக் கணக்கில் மாறும்.

வைரத்தின் எடை காரட்டில் சொல்லப்படும்: 1 காரட் 0.2 கிராம், 100 சென்ட். பதித்த வைரத்தைத் தராசில் போட முடியாது என்பதால் அளந்து கணக்கிடுவார்கள். வட்ட வெட்டு வைரத்துக்கு விட்டத்தின் வர்க்கத்தை உயரத்தால் பெருக்கி 0.0061 ஆல் பெருக்கினால் காரட் வரும். 6.5 மி.மீ. விட்டம், 3.9 மி.மீ. உயரம் உள்ள கல் ஏறக்குறைய 1 காரட். ஏழு கல் தோட்டில் 3.5 மி.மீ. கல்லை 3.7 என்று அளந்துவிட்டால் எடை ஏறக்குறைய 12 சதவீதம் கூடிவிடும், தவறு ஏழு கல்லிலும் ஏறும். பழைய தோடுகளில் பின்பக்கம் மூடியிருப்பதால் உயரமே தெரியாது. பழைய வெட்டும் இன்றைய வெட்டும் ஒன்றல்ல, அதே சூத்திரம் அப்படியே பொருந்தாது. அதனால் தோடு விலையுயர்ந்தது என்று தோன்றினால், நம்பிக்கையான பத்தரை வைத்து ஒரு கல்லையாவது கழற்றி நிறுத்துப் பார்ப்பது நல்லது.

வைரமா என்று பார்க்கும் பேனா போன்ற கருவி வெப்பம் கடத்துவதைப் பார்க்கிறது. வைரம் போலவே தெரியும் மோய்சனைட் என்ற வேறு கல்லும் அதில் தேறிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வேதியியல்படி வைரமே, ஆகவே அதுவும் தேறும். சந்தையிலோ அதன் விலை இயற்கை வைரத்தில் சிறு பங்குதான். சமீபத்திய ஆண்டுகளில் வாங்கிய வைர நகைக்கு 'இயற்கை' என்று எழுதும் முன் தகுந்த கருவியிலோ ஆய்வகத்திலோ பார்க்க வேண்டும். 'வைரம், 1.10 காரட்' என்று மட்டும் எழுதிய வரியை ஏற்காதீர்கள். நிறமும் தெளிவும் வெட்டும், எப்படிச் சோதித்தார் என்பதும் கூடவே வர வேண்டும்.

வீடுகளில் 'பர்மா சிவப்பு' என்று சொல்லிவரும் கற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுடரில் உருக்கிச் செய்யும் செயற்கை மாணிக்கம் 1900களின் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல் பட்டை தீட்டுவது பெரிய குடிசைத் தொழிலாகவே வளர்ந்தது. கொள்ளுப்பாட்டி போட்டது என்பதால் கல் இயற்கையாகிவிடாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் செயற்கை மாணிக்கத்தில் வளைந்த கோடுகளும் காற்றுக் குமிழிகளும் தெரியும். இயற்கைக் கல்லின் வளர்ச்சிக் கோடுகள் நேராக இருக்கும். இதைக் கேட்டு மனம் வருந்துகிறவர்கள் உண்டு. ஆனால் பாகப்பிரிவினைக்கு முன்பே தெரிவது, அண்ணன் தங்கைக்குள் பின்னால் சண்டை வருவதைவிட நல்லது.

2001 ஏப்ரல் 1-க்கான கணக்கு

ஒரு உதாரணம். 20 சவரன் என்று வீட்டில் சொல்லும் ஆரம். மொத்த எடை 160 கிராம். கல்லும் அரக்கும் 14 கிராம், நிகரம் 146 கிராம். சோதனையில் மாற்று 88 சதவீதம். ஆக, தூய தங்கம் 128.48 கிராம். மொத்த எடையையே 22 காரட் என்று வைத்திருந்தால் 146.56 கிராம் வந்திருக்கும். 18 கிராம் தங்கம் தாளில் மட்டும் இருந்திருக்கும்.

2001 ஏப்ரல் தொடக்கத்தில் 24 காரட் தங்கம் 10 கிராம் 4,200 ரூபாயை ஒட்டி இருந்தது. கிராமுக்கு 420 என்று கொண்டால் ஆரத்தின் அன்றைய தங்க மதிப்பு 53,962 ரூபாய். இன்று கிராம் 10,000 என்று கணக்கு எளிதாக இருக்க வைத்துக்கொண்டால் விற்பனைத் தொகை 12,84,800. ஆதாயம் 12,30,838. அதில் 12.5 சதவீதம் 1,53,855 ரூபாய். 4 சதவீத செஸ் சேர்த்தால் ஏறக்குறைய 1,60,000.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 2001 மதிப்பைக் கழிக்காமலே விட்டாலும் வரி 7,000 ரூபாய்தான் கூடும். விலையேற்றச் சலுகை இருந்த காலத்தில் 2001 மதிப்புக்கு இருந்த பலம் இப்போது வெறும் தங்க நகைக்கு இல்லை. உண்மையான பலன் வேறிடத்தில் இருக்கிறது. நகை நெடுநாளாக உங்களிடம் இருந்தது என்று நிறுவ முடியாவிட்டால் ஆதாயம் குறுகிய காலத்தது ஆகலாம், 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு வரி இரண்டு மடங்கைத் தாண்டும். நகை வந்த வழியையே விளக்க முடியாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அதனால் தொகைக்கு எவ்வளவு கவனம் கொடுக்கிறீர்களோ அதைவிட அதிகக் கவனத்தை நகையின் விவரிப்புக்கும் படத்துக்கும் கொடுங்கள்.

இன்று எழுதும் அறிக்கை அந்த நகையின் 2001 மதிப்பைச் சொல்லும், 2001இல் அது உங்கள் வீட்டில் இருந்தது என்பதை அது நிரூபிக்காது. அதற்கு வேறு ஆதாரம் தேவை: பழைய பில், உயில், திருமணப் படத்தில் அந்த நகை, பழைய செல்வ வரிக் கணக்கு, கணக்கில் காட்டாத வருமானத்தைத் தானாக முன்வந்து அறிவிக்கும் 1997ஆம் ஆண்டுத் திட்டத்தின் சான்று. குடும்பங்களில் பழைய அலமாரியில் கிடக்கும் அந்த 1997 சான்றைத் தூக்கிப் போடாதீர்கள். உருப்படி வாரியான பட்டியலோடு கிடைத்தால் அதற்கு நிகரான ஆதாரம் குறைவு. அறிக்கையில் கையெழுத்திட்ட தேதியும் மதிப்பின் தேதியும் தனித்தனியாக இருக்கும். 2001 மதிப்பு வேண்டும் என்பதற்காகக் கையெழுத்தையே பழைய தேதியில் போட்டுத் தரச் சொல்வது மோசடி. படத்தின் தேதியும் பதிவு எண்ணும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வைர நகைக்கு 2001 மதிப்புப் போடுவது கடினம். அன்றைய டாலர் விலைப்பட்டியலையும் அன்றைய மாற்று விகிதத்தையும் வைத்துத்தான் கணக்கிட முடியும். டாலர் அப்போது 46, 47 ரூபாய். பட்டியல் விலைக்கும் கைமாறிய விலைக்கும் இடைவெளி உண்டு என்பதால், எந்தப் பட்டியல், எவ்வளவு தள்ளுபடி என்று அறிக்கை சொல்லியாக வேண்டும்.

விற்ற பணத்தில் வீடு வாங்கினால் ஆதாய வரியில் விலக்குக் கேட்கும் வழி உண்டு. அதற்கு ஆதாயத்தை மட்டும் போட்டால் முழு விலக்குக் கிடைக்காது, விற்றுக் கிடைத்த தொகை முழுவதையும் போட வேண்டும். இதை ஆடிட்டரிடம் விற்பதற்கு முன்பே பேசுங்கள்.

வழக்கு என்று வந்தால்

நீதிமன்றத்தில் மதிப்பீட்டு அறிக்கை என்பது நிபுணரின் கருத்து. எழுதியவர் கூண்டேறிச் சொன்னால்தான் அதற்கு உயிர். எந்தத் தராசு, எந்தச் சோதனை, விலை எங்கிருந்து எடுத்தது என்று கேட்பார்கள். லாக்கரில் என்ன இருக்கிறது என்பதே தகராறு என்றால் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, இரு தரப்பு முன்னிலையில் பட்டியல் எடுக்கச் சொல்லலாம். அப்போது மதிப்பீட்டாளரும் உடன் இருக்குமாறு மனுவிலேயே கேட்டுவிடுங்கள். பட்டியலில் 'மஞ்சள் உலோகச் சங்கிலி ஒன்று' என்று மட்டும் எழுதப்பட்டால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

பாகப்பிரிவினையில் எல்லாப் பங்குதாரரும் சேர்ந்து ஒரே மதிப்பீட்டாளரை வைத்து, ஒரே நாளின் விலையில் மதிப்பிடுவது நல்லது. ஆளுக்கொரு அறிக்கை எடுத்தால் தேதி மாறும், விலை மாறும், சண்டை மட்டும் மாறாது. பிரித்துக்கொண்ட பிறகு யாருக்கு எந்த உருப்படி என்று அறிக்கையின் வரிசை எண்ணைக் குறிப்பிட்டே பத்திரம் எழுதுங்கள்.

சீதன நகை பெண்ணுக்கே முழு உரிமை உடையது. அதைத் திரும்பக் கேட்கும்போது பெரும்பாலும் நகை கணவர் வீட்டில் இருக்கும், மதிப்பீட்டாளர் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. அப்போது பில், எடைச் சீட்டு, திருமணப் படங்கள்தான் துணை. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகள், திருமணப் பரிசுகளுக்கு விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு ஆகியவற்றோடு பட்டியல் எழுதி மணமக்கள் கையெழுத்திட வேண்டும் என்கின்றன. யாரும் எழுதுவதில்லை. மகளுக்கு நகை போடுகிற பெற்றோர் கூச்சம் பார்க்காமல் இதை எழுதி வாங்கிவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையைப் பின்பற்றுவதாக இருந்தால் இதைப் பின்பற்றுங்கள்.

500 கிராம் என்ற பேச்சு

திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், திருமணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மத்திய நேரடி வரிகள் வாரியம் 1994 மே 11 அன்று கொடுத்த 1916ஆம் எண் அறிவுறுத்தல் அது. சோதனைக்கு வரும் அதிகாரிகள் அந்த அளவு வரை பறிமுதல் செய்ய வேண்டாம் என்பதே அதன் சாரம். வைத்திருக்கும் அளவுக்கு அது வரம்பு அல்ல. கணக்கு இருந்தால் எத்தனை கிலோவும் வைத்திருக்கலாம்.

சோதனையின்போது துறை தன் மதிப்பீட்டாளரை அழைத்து வரும். அவர் எழுதும் பட்டியலில் மொத்த எடையோடு நிகர எடையும் கல் விவரமும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், நகல் வாங்குங்கள். உங்கள் பழைய அறிக்கையில் 'இரண்டு வடச் சங்கிலி' என்று இருந்து, அதை அழித்து வளையல் செய்திருந்தால் பெயர் பொருந்தாது. அழித்துச் செய்ததற்குப் பத்தரின் கூலி ரசீதும் எடைக் கணக்கும் இருந்தால்தான் விளக்கம் எடுபடும்.

கடைசியாக, வருமான வரிப் படிவத்தில் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டியவர்கள் கவனத்துக்கு. மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் என்று இருந்த வரம்பு 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதல் 1 கோடி ஆகியிருக்கிறது. அந்தப் பட்டியலில் நகைக்கு எழுத வேண்டியது வாங்கிய விலை. புதிதாக எடுத்த அறிக்கையின் சந்தை மதிப்பை அங்கே எழுதிவிட்டால், சென்ற ஆண்டு 8 லட்சமாக இருந்தது இந்த ஆண்டு 60 லட்சமானது எப்படி என்று கேள்வி வரும். பரம்பரை நகை என்றால் முன்பு வைத்திருந்தவரின் விலை. அது கிடைக்காவிட்டால் உங்கள் கைக்கு வந்த நாளின் தங்க விலையில் ஒரு மதிப்பு. அந்தக் கணக்கை எழுதிய தாளையும் அறிக்கையோடு சேர்த்து வையுங்கள். அசலை நகை இருக்கும் லாக்கரிலேயே வைக்க வேண்டாம். நகை தொலைந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.